மூன்றாம் பிரதி

பத்தரமுல்லை, ஆறாம் மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா,
அதற்குப் பக்கத்தில் என் மேசை.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டுமாம்.
நாற்பத்தொரு பக்கம், மூன்று இணைப்பு,
பனி நாடொன்றின் வரிப்பணம்,
எங்கள் மழைக்காட்டில் மூவாயிரம் ஹெக்டேயர்.

"தரப்பினர்" எளிது.
"கரிம உமிழ்வு" எவரோ முன்னமே செய்துவைத்தது,
கடை இடியப்பம்போல அப்படியே எடுத்துப் போட்டேன்.
"மீளமைத்தல்" என்று எழுதி, வெட்டினேன்.
வீடென்றால் மீளமைக்கலாம்.
"மீள்வனமாக்கல்" அமைச்சின் சொல்:
வாய் நிறைகிறது, இலை ஒன்றும் இல்லை.

இணைப்பு இரண்டில் "கெகில்ல" என்றொரு செடி.
அகராதி கைவிரித்தது.
களுத்துறை மாவட்டத்து மலையோரம் போன் போட்டேன்.
வன உத்தியோகத்தர் விமலசூரிய,
சிங்களத்தில், மழைக்குள், மூச்சிரைக்க:
"பன்னம், மிஸ். ஆளுயரம் பின்னிக்கிடக்கும்.
எரிந்த நிலம், கைவிட்ட தேயிலை, எங்கும் அதுதான்.
கீழே விழுந்த விதை வெளிச்சம் காணாது.
கையால்தான் பிடுங்க வேண்டும்.
உங்கள் தாளில் அது ஒரு வரி.
இங்கே பதினேழு பேர், நாலு மாதம்,
அட்டைக்கடிக்குக் கணக்கில்லை.
தமிழில் என்ன பெயர்?"
இல்லை என்றேன்.
"அப்படியென்றால் உங்கள் பக்கம் முளைக்காதாக்கும்"
சிரித்தார். லைன் அறுந்தது.

இணைப்பு மூன்று ஓர் அட்டவணை.
நட்டவை, ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருப்பவை, வீதம்.
கடைசி நிரலைப் பார்த்துத்தான் பணம் வருமாம்.
நடு நிரலுக்குத் தலைப்பிட்டேன்:
பிழைத்தவை.

அருளானந்தசிவம் சேர் சிவப்பால் சுழித்து அனுப்பினார்:
"பிழை என்றால் தவறு. மயக்கம் தரும்.
எஞ்சியவை எனப் போடுக."

வேறொரு அமைச்சில், வேறொரு கதிரையில்,
இதேபோல் மூன்று நிரல் பெயர்த்திருக்கிறேன்.
அது மரங்களைப் பற்றியதல்ல.
அங்கேயும் இந்தச் சொல்லைத்தான் போடச் சொன்னார்கள்,
போட்டேன்.
எஞ்சுவது சோறு. எஞ்சுவது துணித்துண்டு.
பிழைத்தது எதற்கும் தெரியும்
பக்கத்தில் நின்றது எது என்று.

ஓரத்தில் எழுதினேன்: இருக்கட்டும்.
அவர் அதன்மேல் ஒன்றும் எழுதவில்லை.

கடைசி உறுப்புரை:
"மும்மொழிப் பிரதிகளும் சம வலுவுடையன.
பொருள்கோடலில் வேறுபாடு எழுமிடத்து
ஆங்கிலப் பிரதியே மேலோங்கும்."
என் பதினொரு வருடச் சேவையில்
இவ்வளவு சுத்தமான தமிழ் நான் எழுதியதில்லை.

திங்கட்கிழமை காலிமுகத்திடலில், ஒரு ஹோட்டல்.
மூன்று கோவைகள், மூன்று பேனைகள்.
தூதர் மூன்றாவதைத் தலைகீழாகத் திறந்தார்,
யாரோ மெல்லத் திருப்பிவைத்தார்கள்.
கைதட்டல். கட்லட். கண்ணாடிக்கு வெளியே
கடல், யாருடைய கணக்கிலும் இல்லாமல்.

நூறாம் இலக்க பஸ் பம்பலப்பிட்டியில் நிற்கையில்
விமலசூரியவின் வாட்ஸ்அப்.
படம்: பிடுங்கிய நிலம், சிவந்த சேறு,
நீல நாடா கட்டிய குச்சி,
அதை ஒட்டி இரண்டே இலையுடன் ஒரு ஹொர.
அடியில் ஒரு குரல்பதிவு, அவருடையதல்ல.

"அம்மா, நான் பழனியாயி பேசுறேங்க,
இங்க பிடுங்குற ஆளு.
அதுக்குப் பேரு இல்லைன்னீங்களாம்.
கம்பிப்பூடுங்க. எங்க லயத்துல எல்லாரும்
அப்பிடித்தான் சொல்லுவோம்.
கைய அறுக்கும்ல, அதான்.
யாரும் கேக்கல."

இருமுறை கேட்டேன்.
கொண்டக்டர் மிச்சக்காசை நீட்டியபடி நின்றான்.
பையில் கோவையின் நகல்,
பக்கம் முப்பத்துமூன்று:
ஒப்பமிட்டாயிற்று, முத்திரை வைத்தாயிற்று.
பேனையை எடுத்து
கெகில்லவுக்கு மேலே
சின்னதாக எழுதினேன்.
பஸ் குலுங்கியதில்
பூ மட்டும் கோணிப்போயிற்று.